பழைய ஜப்பானிய டிரம் தொகுதிகளின் மதிப்பீடு

பழைய ஜப்பானிய டிரம் தொகுதிகளின் மதிப்பீடு என்பது 1950களின் இறுதி முதல் 1980களின் இறுதி வரை ஜப்பானில் செய்யப்பட்ட டிரம் தொகுதிகளின் விலைமதிப்பையும் பயன்மதிப்பையும் கணிக்கும் முறையைக் குறிக்கும். ஒரு தொகுதி பழையது என்பதோ, அதன் மேல் ஜப்பான் என்று பொறிக்கப்பட்டிருப்பதோ மட்டும் அதற்கு மதிப்பைத் தருவதில்லை. அதனை உண்மையில் செய்தவர் யார், உடல் எந்நிலையில் உள்ளது, மூலப் பாகங்கள் எத்தனை எஞ்சியுள்ளன ஆகிய மூன்றுமே மதிப்பைத் தீர்மானிக்கும் முதன்மைக் கூறுகள் ஆகும். ஒரே காலத்தில், ஒரே நாட்டில் செய்யப்பட்ட இரு தொகுதிகளுள் ஒன்று பயிற்சிக்கு மட்டுமே உதவக்கூடியதாகவும் மற்றொன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

டிரம் தொகுதியின் அமைப்பு

தமிழ்நாட்டில் பொதுவாக டிரம்ஸ் அல்லது டிரம் செட் என அழைக்கப்படும் இக்கருவி, ஒருவரே அமர்ந்து கைகளாலும் கால்களாலும் இசைக்கும் பல முரசுகளின் தொகுப்பாகும். காலால் மிதித்து ஒலிக்கப்படும் பாஸ் டிரம், அடியில் கம்பிகள் கட்டப்பட்ட ஸ்னேர் டிரம், சுருதி வேறுபாட்டுக்கு உதவும் டாம் டாம்கள் ஆகியன இதன் முரசுகள் ஆகும். சிம்பல் எனப்படும் வெண்கலத் தட்டுகள் பெரும்பாலும் தனியே விற்கப்படுவதால், அவற்றின் விலை தொகுதியின் விலையிலிருந்து பிரித்தே கணக்கிடப்படுகிறது. முரசுகளின் அளவு விட்டத்தைக் கொண்டு அங்குலத்தில் குறிக்கப்படுகிறது.

ஒவ்வொரு முரசும் உருளை வடிவ உடல், தோல், தோலை அழுத்திப் பிடிக்கும் வளையம், வளையத்தை இறுக்கும் திருகுகள், திருகுகளை ஏற்கும் லக் எனப்படும் உலோகப் பாகங்கள் ஆகியவற்றைக் கொண்டது. தவிலில் கட்டை நிலையாக இருக்க, தோல் தேயும்போதெல்லாம் மாற்றப்படுகிறது. டிரம்மிலும் அவ்வாறே. தோல் தேய்ந்து மாற்றப்படும் பொருள் என்பதால் பொதுவாக மதிப்பீட்டில் அது செலவாகவே கருதப்படுகிறது. நிலையான மதிப்பு உடலிலும் உலோகப் பாகங்களிலுமே உள்ளது. ஆனால் தவிலின் உடல் பலா மரத்தை ஒரே துண்டாகக் குடைந்து செய்யப்படுவது. பெரும்பாலான டிரம்களின் உடலோ மெல்லிய மர ஏடுகளை வளைத்து ஒட்டிச் செய்யப்படுவது. ஆகவே டிரம்மில் மரத்தின் தரத்தோடு ஒட்டின் தரமும் மதிப்பிடப்பட வேண்டியதாகிறது.

வரலாறு

ஏற்றுமதிக் காலம்

1964ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியது. அதனை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தனர். அக்குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசித்தது அமெரிக்காவின் லுட்விக் நிறுவனம் செய்த தொகுதியாகும். இதன் பின்னர் டிரம் கற்க விரும்பிய இளைஞர்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் லுட்விக், கிரெட்ச் போன்ற நிறுவனங்களின் தொகுதிகளை வாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை.

அக்காலத்தில் ஜப்பானிய நாணயத்தின் மாற்று விகிதம் ஓர் அமெரிக்க டாலருக்கு 360 யென் என நிலைநிறுத்தப்பட்டிருந்தது. 1949 முதல் 1971 வரை நீடித்த இவ்விகிதம் ஜப்பானியப் பொருள்களை வெளிநாடுகளில் மலிவாக்கியது. இதனால் மலிவு விலை ஜப்பானிய டிரம் தொகுதிகள் பெருமளவில் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றன.

பெயர் மாற்றுத் தொகுதிகள்

இவ்வாறு ஏற்றுமதியான தொகுதிகளுள் பல, செய்தவரின் பெயரைத் தாங்கவில்லை. இறக்குமதி செய்த வணிகர் கேட்ட பெயரே அவற்றின் பெயர்ப்பட்டையில் பொறிக்கப்பட்டது. ஸ்டூவர்ட், அப்பல்லோ, ராய்ஸ், ஒயிட்ஹால், ஜிம்-கார் ஆகியவை இத்தகைய பெயர்களுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட முரசுகள் பல பெயர்களில் விற்கப்பட்டதும், ஒரே பெயரில் பல தொழிற்சாலைகளின் முரசுகள் விற்கப்பட்டதும் உண்டு.

எனவே இவ்வகைத் தொகுதிகளில் பெயர்ப்பட்டை வணிகரை அடையாளம் காட்டுகிறதே அன்றிச் செய்தவரை அடையாளம் காட்டுவதில்லை. வெளிநாட்டுப் பொருள்களில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் விதியாகும். பெயர்ப்பட்டையில் ஜப்பான் என்ற சொல் காணப்படுவது இவ்விதியின் விளைவே ஆகும்; அது தரச்சான்று அன்று.

தவறான அடையாளத்துக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. கெண்ட் என்ற பெயரில் விற்கப்பட்ட கித்தார்கள் ஜப்பானில் செய்யப்பட்டதால், அதே பெயருள்ள டிரம்களும் ஜப்பானியவை எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் கெண்ட் டிரம்கள் நியூயார்க் மாநிலத்தின் கென்மோர் ஊரில் செய்யப்பட்டவை ஆகும்.

தொழில்முறைத் தொகுதிகள்

மலிவுப் பொருள்களோடு தொடங்கிய ஜப்பானிய நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே தொழில்முறைக் கலைஞர்களுக்கான தொகுதிகளையும் செய்யத் தொடங்கின. இவற்றுள் மூன்று நிறுவனங்கள் குறிப்பிடத்தக்கவை.

பேர்ல்: 1946ஆம் ஆண்டில் கட்சுமி யனகிசாவா என்பவரால் தோக்கியோவில் இசைத்தாள் தாங்கிகள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில் டிரம் செய்யத் தொடங்கியது. 1966ஆம் ஆண்டில் பிரசிடெண்ட் என்ற தொழில்முறைத் தொகுதியை வெளியிட்டது. மாக்ஸ்வின் என்பது இந்நிறுவனத்தின் மலிவு விலைப் பெயராகும்.

டாமா: நகோயாவைச் சேர்ந்த ஹொஷினோ நிறுவனத்தின் டிரம் பிரிவாகும். 1960களில் ஸ்டார் என்ற பெயரில் டிரம்களை விற்றது. 1974ஆம் ஆண்டு முதல் டாமா என்ற பெயர் பயன்படுத்தப்படுகிறது. இம்பீரியல்ஸ்டார், சூப்பர்ஸ்டார் ஆகியவை 1970களில் வெளிவந்த புகழ்பெற்ற வரிசைகள் ஆகும். த போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் இம்பீரியல்ஸ்டார் தொகுதியை வாசித்தவர்.

யமஹா: 1887ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நிறுவனம் 1967ஆம் ஆண்டில் டிரம் துறையில் நுழைந்தது. இதன் டிரம்களை ஒசாகாவின் சகாயே நிறுவனம் நீண்ட காலம் செய்து கொடுத்தது. பிர்ச் மரத்தால் ஆன ரெக்கார்டிங் கஸ்டம் வரிசை, ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் கேட் இத்தொகுதியோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர்.

இந்நிறுவனங்களின் பெயர் இருப்பதாலேயே ஒரு தொகுதி ஜப்பானில் செய்யப்பட்டது என முடிவு செய்ய இயலாது. எடுத்துக்காட்டாக, 1982ஆம் ஆண்டில் பேர்ல் வெளியிட்ட எக்ஸ்போர்ட் வரிசை தைவானில் செய்யப்பட்டதாகும்.

மதிப்பைத் தீர்மானிக்கும் கூறுகள்

செய்தவர்

பெயர்ப்பட்டையை விட உலோகப் பாகங்களே செய்தவரைப் பற்றி நம்பகமான தகவலைத் தருகின்றன. லக்கின் வடிவம், டாம் டாமைத் தாங்கும் அமைப்பு, பாஸ் டிரம்மின் கால்கள், ஸ்னேர் கம்பிகளை இறுக்கும் நெம்புகோல் ஆகியன நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பேர்ல் நிறுவனம் முரசின் உடலுக்குள் நுழையும் குழாயைத் தாங்கியாகப் பயன்படுத்தியது. யமஹா நிறுவனம் அறுகோணக் கம்பியையும் பந்து போன்ற இணைப்பையும் பயன்படுத்தியது. இவ்வடிவங்களை அந்தந்த ஆண்டின் விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுத் தொகுதியின் வரிசையையும் ஏறத்தாழ ஆண்டையும் கண்டறியலாம். பெயர் மாற்றுத் தொகுதிகள் பெரும்பாலானவற்றில் வரிசை எண் இல்லாததால், அவற்றின் காலத்தை அறிய இதுவே முதன்மையான வழியாகும்.

உடலின் மரம்

மலிவு விலைத் தொகுதிகளில் பெரும்பாலும் லவான் மரம் பயன்படுத்தப்பட்டது. விற்பனையாளர்கள் இதனைப் பிலிப்பைன் மகோகனி என்பர். உண்மையில் இது மகோகனி இனத்தைச் சேர்ந்தது அன்று. சால மரம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது ஆகும். இவ்வுடல்கள் மெல்லியவை என்பதால், வளையாதிருக்க மேல் கீழ் விளிம்புகளின் உட்புறத்தில் வலுவூட்டும் மர வளையங்கள் ஒட்டப்பட்டன.

எனினும் லவான் என்ற காரணத்தாலேயே ஒரு தொகுதி மட்டமானது எனக் கொள்வது தவறாகும். இன்றும் விரும்பப்படும் டாமா இம்பீரியல்ஸ்டார் தொகுதியின் உடலும் இவ்வகை மரத்தால் ஆனதே. வேறுபாடு ஏடுகளின் எண்ணிக்கையிலும், ஒட்டிய முறையிலும், விளிம்பு சீவப்பட்ட துல்லியத்திலும் உள்ளது.

விளிம்பு

தோல் அமரும் விளிம்பு முரசின் ஒலியை நேரடியாகப் பாதிக்கிறது. விளிம்பு சமமாக இல்லாவிடில் எவ்வளவு இறுக்கினாலும் சுருதி ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் ஒலிக்கும். மலிவுத் தொகுதிகளில் விளிம்புகள் கவனமின்றிச் சீவப்பட்டிருப்பது வழக்கம். இது திருத்தக்கூடிய குறை ஆகும். உடல் வட்டம் இழந்து கோணியிருப்பின் அது எளிதில் திருத்த இயலாத குறை ஆகும்.

முழுமை

ஒன்றாக விற்கப்பட்ட முரசுகள் ஒன்றாகவே கிடைப்பின் தொகுதியின் மதிப்பு உயரும். ஒரு டாம் டாம் பிற்காலத்தில் வேறொரு தொகுதியிலிருந்து சேர்க்கப்பட்டிருந்தால், நிறம் ஒத்திருப்பினும் மதிப்பு குறையும். தொலைந்த வளையம், லக், பாஸ் டிரம் கால் ஆகியவற்றுக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. சில பழைய தொகுதிகளின் திருகு இழைகள் இன்று பரவலாக விற்கப்படும் திருகுகளோடு பொருந்துவதில்லை.

தனி முரசின் மதிப்பு தொகுதியின் மதிப்பை மிஞ்சுவதும் உண்டு. 1980களில் டாமா செய்த மணிவெண்கல ஸ்னேர் டிரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1991ஆம் ஆண்டில் வெளியான மெட்டாலிகா, நிர்வாணா ஆகிய இரு குழுக்களின் இசைத்தொகுப்புகளிலும் இவ்வகை ஸ்னேர் டிரம் ஒலித்ததால் அதன் தேவை பெருகியது. ஆகவே தொகுதியோடு வரும் ஸ்னேர் டிரம்மைத் தனியே ஆராய்தல் இன்றியமையாதது.

மேலுறை

உடலின் மேல் ஒட்டப்பட்ட வண்ண நெகிழி உறை, தொகுதியின் அடையாளத்தின் ஒரு பகுதியாகும். அலை போன்ற கோலங்களும் பளபளப்புத் துகள்களும் கொண்ட உறைகள் 1960களின் ஜப்பானியத் தொகுதிகளுக்கே உரிய தோற்றத்தைத் தருகின்றன. மங்கிய மூல உறை, புதிதாகப் பூசப்பட்ட வண்ணத்தை விடச் சேகரிப்பாளர்களால் மேலாக மதிக்கப்படுகிறது.

ஆய்வு முறை

ஒரு தொகுதியை நேரில் ஆராயும்போது பின்வரும் வரிசை பயனுள்ளதாக இருக்கும்.

1. முரசுகளை எண்ணி, அளவுகளைக் குறித்துக் கொள்ளல். எல்லா முரசுகளிலும் லக்கின் வடிவமும் பெயர்ப்பட்டையும் ஒன்றா எனப் பார்த்தல்.

2. விற்பவரின் இசைவோடு ஒரு முரசின் தோல்களைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தல். மர ஏடுகள் பிரிந்திருத்தல், பூஞ்சணம், பூச்சி அரிப்பு, பிற்காலத்தில் இடப்பட்ட துளைகள் ஆகியன உட்புறத்திலேயே தெளிவாகத் தெரியும்.

3. உடலின் விட்டத்தை நான்கு திசைகளில் அளத்தல். அளவுகள் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் உடல் கோணியுள்ளது எனக் கொள்ளலாம்.

4. உடலைச் சமதளத்தில் நிறுத்தி, உள்ளே கைவிளக்கை ஏற்றி, விளிம்பின் கீழ் ஒளி கசிகிறதா எனப் பார்த்தல். சமையல் மேடையின் வழுவழுப்பான கடப்பைக் கல் இதற்குப் போதுமானது. ஒளி கசியும் இடத்தில் விளிம்பு தாழ்ந்துள்ளது.

5. உலோக ஸ்னேர் டிரம்மாக இருப்பின் காந்தத்தை ஒட்டிப் பார்த்தல். எஃகு உடலில் காந்தம் ஒட்டும். பித்தளை, வெண்கலம், அலுமினியம் ஆகியவற்றில் ஒட்டாது.

6. எல்லாத் திருகுகளையும் கையால் சுழற்றிப் பார்த்தல். துருவேறிய திருகை மாற்றலாம். இழை அழிந்த லக்கை மாற்றுவது கடினம்.

7. புதிய தோலை ஒரு முரசில் பொருத்திப் பார்த்தல். 1960களின் சில ஜப்பானிய உடல்கள் இன்றைய அளவை விடச் சற்றே பெரியவை. அவற்றில் இன்றைய தோல் இறுகிப் பிடித்துக் கொண்டு சுருதி சேராமல் போகும். இவ்வாறான முரசு மற்ற எல்லா வகையிலும் நன்றாக இருந்தாலும் வாசிப்பதற்கான மதிப்பு குறைந்ததே ஆகும்.

பயன்பாட்டு மதிப்பும் சேகரிப்பு மதிப்பும்

வாசிப்பவருக்கு ஒரு தொகுதி தரும் மதிப்பும், சேகரிப்பவருக்கு அது தரும் மதிப்பும் வேறுவேறானவை. சேகரிப்பவர் மூல நிலையைத் தேடுகிறார். வாசிப்பவர் சுருதி நிற்கும் முரசையும் ஆடாத தாங்கிகளையும் தேடுகிறார். பெயர் மாற்றுத் தொகுதிகளுக்குப் பொதுவாகச் சேகரிப்பு மதிப்பு குறைவு. ஆனால் விளிம்பு திருத்தப்பட்டு நல்ல தோல் பொருத்தப்பட்ட பின் அவை சிறிய அரங்குகளில் இனிய, மென்மையான ஒலியைத் தரக்கூடியவை.

வாசிப்பதற்காக வாங்குபவர் கொடுக்கத்தக்க உச்ச விலையைப் பின்வருமாறு கணிக்கலாம்: உடனே வாசிக்கத்தக்க நிலையிலுள்ள ஒத்த தொகுதியின் உள்ளூர் விலையிலிருந்து, இத்தொகுதியை அந்நிலைக்குக் கொண்டுவர ஆகும் எல்லாச் செலவுகளையும் கழிக்க வேண்டும். விளக்கத்துக்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கைக் காணலாம். ஒத்த தொகுதியின் விலை 40,000 ரூபாய் எனவும், புதிய தோல்களுக்கு 8,000, விளிம்பு திருத்த 5,000, லக், திருகுகளுக்கு 3,000, வண்டிச் செலவு 2,000 ரூபாய் எனவும் கொள்வோம். மொத்தச் செலவு 18,000 ரூபாய். ஆகவே உச்ச விலை 22,000 ரூபாய் ஆகும். விற்பவர் இதற்கு மேல் கேட்பாராயின், அம்மேல்தொகை ஜப்பான் என்ற பெயருக்குக் கொடுக்கப்படும் விலையே ஆகும்.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் விடுதலைக்குப் பின் நுகர்பொருள் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் இந்நிலை படிப்படியாக மாறியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகளும் நீக்கப்பட்டன. இதனால் 1960கள், 1970களின் ஜப்பானியத் தொகுதிகள் அமெரிக்காவில் போன்று தமிழ்நாட்டில் மலிவுப் பொருளாக இருக்கவில்லை. அங்கு மாணவர்களின் முதல் கருவியாக இருந்த அதே தொகுதி, இங்கு எளிதில் கிட்டாத வெளிநாட்டுப் பொருளாக இருந்தது. ஜப்பான் என்ற சொல்லுக்கு உள்ளூர்ச் சந்தையில் இன்றும் உள்ள கவர்ச்சிக்கு இந்த அருமை ஒரு காரணம் எனலாம்.

மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வதற்கு அரசின் அனுமதி தேவைப்படுகிறது. ஆகவே ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இணையத்தில் காணப்படும் விலையைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. அந்த விலையோடு அனுப்புச் செலவு, சுங்கவரி, அனுமதி பெறும் சிக்கல் ஆகியனவும் சேர்கின்றன. நூறு ஆண்டுகள் நிறைவடையாததால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி இத்தொகுதிகள் தொல்பொருள் ஆவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்மாவட்டங்களில் மற்றொரு கூறும் சேர்கிறது. முன்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்த இவ்விரண்டும் 2007ஆம் ஆண்டு நவம்பர் முதல் தனித்தனி மாவட்டங்களாக உள்ளன. கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் பாடும் மெல்லிசைக் குழுக்களும், கிறித்தவ ஆலயப் பாடகர் குழுக்களும் இப்பகுதிகளில் டிரம் தொகுதியைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அரிய பாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் திருச்சிராப்பள்ளியையோ சென்னையையோ நாட வேண்டியிருக்கும். எனவே எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்ட புதிய எளிய தொகுதி, ஒரு லக் உடைந்தால் மாதக்கணக்கில் முடங்கும் பழைய தொகுதியை விட இக்குழுக்களுக்கு மதிப்பு மிக்கதாக இருக்கக்கூடும்.

கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் இம்மாவட்டங்களில், ஓட்டுக் கூரையின் அடியிலோ மேடை வண்டியிலோ நீண்ட நாள் வைக்கப்பட்ட தொகுதிகளில் நெகிழி உறை சுருங்கி இணைப்பில் விரிவதும், மர ஏடுகளின் ஒட்டு விடுவதும் நேரிடலாம். மதிப்பீட்டின்போது தொகுதி எங்கு வைக்கப்பட்டிருந்தது எனக் கேட்டறிவது நன்று.

பழுதுபார்ப்பும் மதிப்பிழப்பும்

பழைய தொகுதியைப் புதியதாகக் காட்டும் முயற்சிகள் பெரும்பாலும் அதன் மதிப்பைக் குறைக்கின்றன. மூல உறையை உரித்து வண்ணம் பூசுதல், புதிய தாங்கிக்காக உடலில் துளையிடுதல், பெயர்ப்பட்டையைக் கழற்றிப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பட்டையைப் பொருத்துதல், முரசுகளைப் பிரித்துத் தனித்தனியே விற்றல் ஆகியன திரும்பப் பெற இயலாத இழப்புகளை உண்டாக்குகின்றன. செய்தவரின் பெயர் எங்கும் எழுதப்படாத தொகுதிக்கு அதன் லக்கும் உறையும் துளைகளின் இடைவெளியுமே வரலாற்றுச் சான்றுகள் ஆகும். அவை அழிந்தபின் அது எங்கு, யாரால் செய்யப்பட்டது என்பதை அறியும் வழி இல்லாமல் போகிறது.

தூய்மை செய்தல், துரு நீக்குதல், திருகுகளுக்கு எண்ணெய் இடுதல், தோல் மாற்றுதல் ஆகியன மதிப்பைக் குறைப்பதில்லை. கழற்றிய மூலப் பாகங்கள் பயன்படாதவையாகத் தோன்றினும் அவற்றைத் தொகுதியோடு சேர்த்து வைப்பது, அடுத்து வாங்குபவர் சரியான மதிப்பீடு செய்ய உதவும்.